தீர்ப்பெழுதாத எழுதுகோல்: வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஸ்டெஃபான் ஸ்வெய்க்

வரலாற்றில் சிலருக்குப் புகழ் வாய்க்கிறது. சிலருக்குப் பழி வாய்க்கிறது. இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்து, நூற்றாண்டுகள் கடந்த பின்னும் வழக்குத் தீராமல் நிற்கும் மனிதர்களும் உளர். அத்தகையோரின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்கின்றனர். ஒன்று, குற்றம் சாட்டும் வழக்கறிஞராக நிற்பது. மற்றொன்று, கறை துடைக்கும் அடியவராக நிற்பது. இவ்விரண்டுக்கும் அப்பால், குற்றக் கூண்டில் நிற்பவரின் உள்ளத்துக்குள் புகுந்து பார்ப்பது என்னும் வழியைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வெய்க். கவிஞராகத் தொடங்கி, சிறுகதை ஆசிரியராக உலகப் புகழ் பெற்று, வாழ்க்கை வரலாற்றாசிரியராக நிலைபெற்றவர் அவர். பிறர் வழக்குகளை அவர் எவ்வாறு ஆராய்ந்தார் என்பதும், இறுதியில் அவர் வாழ்க்கையே எவ்வாறு ஒரு வழக்காயிற்று என்பதும் எழுத்தாளர் எவரும் அறிந்துகொள்ள வேண்டியவை.

இளமையும் கல்வியும்

ஸ்வெய்க் 1881 நவம்பர் 28 அன்று வியன்னாவில் பிறந்தார். தந்தையார் மோரிட்ஸ் நெசவாலை உரிமையாளர். தாயார் இடா வங்கித் தொழில் செய்த குடும்பத்திலிருந்து வந்தவர். செல்வம் மிக்க யூதக் குடும்பம். ஒரே தமையன் ஆல்ஃபிரட். குடும்பத் தொழிலைத் தமையனார் ஏற்றுக்கொண்டமையால் இளையவர் விரும்பியவாறு இலக்கியத்தில் ஈடுபட முடிந்தது. அக்கால வியன்னாவில் இசையும் நாடகமும் கவிதையும் அன்றாட வாழ்வோடு கலந்திருந்தன. பள்ளி மாணவர்களும் புதிய கவிதைகளை மனப்பாடம் செய்து ஒருவரோடொருவர் போட்டியிட்டனர்.

1901இல், இருபது வயது நிறைவதற்கு முன்பே, அவருடைய முதற் கவிதைத் தொகுதியான ‘வெள்ளி நரம்புகள்’ வெளிவந்தது. பின்னாளில் அத்தொகுதியை அவரே ஒதுக்கிவைத்தார். தம் எழுத்தைத் தாமே கடுமையாக மதிப்பிடும் பண்பு இளமையிலேயே அவரிடம் இருந்தது என்பதற்கு இதுவே சான்று. வியன்னாவின் புகழ்பெற்ற நாளேடான ‘நோயே ஃப்ரையே பிரஸ்ஸே’யில் இலக்கியப் பகுதியின் ஆசிரியராக இருந்த தியோடர் ஹெர்ஸல், இவ்விளைஞரின் கட்டுரையை ஏற்று வெளியிட்டார்.

1904இல் பிரெஞ்சு அறிஞர் இப்போலித் தேனின் தத்துவத்தை ஆராய்ந்து வியன்னாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இனம், சூழல், காலம் ஆகிய மூன்றுமே மனிதனை உருவாக்குகின்றன என்பது தேனின் கொள்கை. அக்கொள்கையில் பயின்றவர் பின்னர் எழுதிய வரலாறுகளில் சூழலுக்கும் காலத்துக்கும் உரிய இடத்தைக் கொடுத்தாலும், அவற்றுள் அடங்காத ஏதோ ஒன்று ஒவ்வோர் உள்ளத்திலும் எஞ்சி நிற்கிறது என்பதைக் கண்டார். அந்த எஞ்சிய ஒன்றைத் தேடுவதே வரலாற்றாசிரியரின் கடமை என்று கொண்டார்.

1908–09இல் இலங்கை, இந்தியா, பர்மா ஆகிய நாடுகளில் அவர் பயணம் செய்தார். காசி நகரைப் பற்றிக் கட்டுரை எழுதினார். எனினும் வறுமையும், மக்களைப் பிரித்து வைக்கும் சாதி, இன வேற்றுமைகளும் அவரைக் கலங்கச் செய்தன. நம் மண்ணின் தொன்மக் கதையொன்றைத் தழுவி அவர் படைத்த ‘என்றுமுள உடன்பிறந்தானின் கண்கள்’ 1922இல் வெளிவந்தது. பிறருக்குத் தீர்ப்பு வழங்கும் உரிமை மனிதனுக்கு உண்டா என்பதே அக்கதையின் கேள்வி. அவருடைய வரலாற்று நூல்கள் அனைத்தின் அடியிலும் இக்கேள்வி ஓடுகிறது.

போர் கற்பித்த பாடம்

1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது, தொடக்கத்தில் ஸ்வெய்க்கும் நாட்டுப்பற்று அலையில் ஓரளவு அடித்துச் செல்லப்பட்டார். வியன்னாப் போர் ஆவணக் காப்பகத்தில் பணிபுரிந்தார். 1915இல் கலீசியப் பகுதிக்கு அனுப்பப்பட்டு, போரின் அழிவை நேரில் கண்டார். அதன் பின்னர் அவர் உள்ளம் மாறியது. பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலந்தின் நட்பு அம்மாற்றத்தை உறுதியாக்கியது. மகாத்மா காந்தி, இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் வாழ்க்கையை ஐரோப்பாவுக்கு எடுத்துரைத்த அதே ரோலந்துதான் அவர். தம் நண்பரின் வாழ்க்கையை ஸ்வெய்க் 1921இல் நூலாக வெளியிட்டார்.

போர்க் காலத்திலேயே அவர் எழுதிய ‘எரேமியா’ என்னும் நாடகம் 1917இல் வெளிவந்தது. எவரும் செவிசாய்க்காத தீர்க்கதரிசியே அதன் தலைவன். வெற்றி பெற்றவனைவிடத் தோற்றவனே உள்ளத்தால் உயர்ந்து நிற்கக் கூடும் என்னும் கருத்து அந்நாடகத்தில் முளைவிட்டது. அது பின்னர் அவருடைய வரலாற்று நூல்களின் திசையையே முடிவு செய்தது. லூதரை விட்டு எராஸ்மஸையும், எலிசபெத்தை விட்டு மேரி ஸ்டூவர்ட்டையும், கால்வினை விட்டு கஸ்டெல்லியோவையும் அவர் தேர்ந்தெடுத்தது இதனாலேயே.

கையெழுத்துகளும் கழித்தல் கலையும்

போருக்குப் பின் சால்ஸ்பர்க் நகரின் கப்புச்சின் குன்றின்மேல் இருந்த பழைய மாளிகை அவர் இல்லமாயிற்று. 1920இல் எழுத்தாளர் ஃப்ரிடெரிகேயை மணந்துகொண்டார். அவ்வில்லத்தில் அவர் பேணிவந்த கையெழுத்துச் சேகரிப்பு ஐரோப்பாவில் பெயர் பெற்றது. மோட்சார்ட் தம் இசைப் படைப்புகளைத் தாமே வரிசைப்படுத்தி எழுதிய ஏடு அதில் இருந்தது. பேத்தோவன் பயன்படுத்திய எழுதுமேசையும் அவரிடம் இருந்தது. இச்சேகரிப்பின் முக்கியமான பகுதியை 1986இல் அவருடைய வாரிசுகள் பிரிட்டிஷ் நூலகத்துக்கு நன்கொடையாக வழங்கினர்.

இதனைச் செல்வரின் பொழுதுபோக்கு என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. அடித்தல், திருத்தல், தயக்கம், வேகம் ஆகியவற்றோடு கூடிய கையெழுத்துப் படி, ஆக்கம் நிகழ்ந்த கணத்துக்குச் சாட்சியாக நிற்கிறது. அச்சில் வந்த நூல் அச்சாட்சியத்தை மறைத்துவிடுகிறது. ஆகவே எம்மனிதரை ஆராய்ந்தாலும் அச்சுக்குப் பின்னால் உள்ள மூல ஏட்டை நாடுவது அவர் வழக்கமாயிற்று.

அவருடைய எழுத்து முறையும் கவிஞர்கள் கருத்திற் கொள்ளத்தக்கது. முதலில் கிடைக்கும் ஆவணங்கள் யாவற்றையும் படித்துப் பல நூறு பக்கங்கள் எழுதுவார். அதன் பின்னரே அவருக்குப் பிடித்தமான வேலை தொடங்கும். அது கழித்தல். ஆயிரம் பக்கங்களில் எண்ணூறு குப்பைக்கூடைக்குப் போய் இருநூறு எஞ்சினாலும் அவர் வருந்துவதில்லை. மேரி அந்துவானெத்தின் வரலாற்றுக்காக அவ்வரசியின் செலவுக் கணக்குகளையும், அக்காலச் செய்தித்தாள்களையும், வழக்கு விசாரணை ஏடுகளையும் வரிவரியாகப் படித்தார். முடிந்த நூலில் அவ்வுழைப்பின் சுவடே தெரியாது. வாசகர் காண்பது ஒரு பெண்ணின் வாழ்க்கையை மட்டுமே.

இம்முறையில் எழுந்த முதல் நூல்கள் மும்மூன்று ஆளுமைகளை ஒருங்கே வைத்து எழுதப்பட்டவை. 1920இல் பால்சாக், டிக்கன்ஸ், தஸ்தயேவ்ஸ்கி. 1925இல் ஹோல்டர்லின், கிளைஸ்ட், நீட்சே. 1928இல் காசநோவா, ஸ்டெந்தால், டால்ஸ்டாய். 1931இல் மெஸ்மர், மேரி பேக்கர் எட்டி, ஃபிராய்ட் என அவை அமைந்தன. இறுதி நூலை ஐன்ஸ்டீனுக்குக் காணிக்கையாக்கினார். மெஸ்மரும் எட்டி அம்மையாரும் மோசடிக்காரர்கள் என்று ஒரு சாராராலும் அருளாளர்கள் என்று மறுசாராராலும் பேசப்பட்டவர்கள். அவர்களை ஏளனமும் செய்யாமல் வழிபடவும் செய்யாமல் எழுதியதில், பின்னர் வந்த பெரிய நூல்களுக்கான பயிற்சி அவருக்குக் கிடைத்தது எனலாம்.

கொள்கையற்றவனின் சித்திரம்

1929இல் வெளிவந்த ‘ஜோசப் ஃபூஷே’ அவருடைய முதற்பெரும் அரசியல் வரலாறு. ஃபூஷேயை ஆராயும் ஆவலை அவருக்கு ஊட்டியவர் பால்சாக். பிறர் இழிந்தவன் என ஒதுக்கிய அம்மனிதனிடம் பால்சாக் ஒரு பேராற்றலைக் கண்டிருந்தார்.

1759இல் பிறந்த ஃபூஷே, தொடக்கத்தில் கிறித்தவத் துறவியர் கல்விக்கூடத்தில் ஆசிரியன். புரட்சி வந்ததும் புரட்சியாளன். 1793 சனவரியில் மன்னனுக்கு மரண தண்டனை கோரி வாக்களித்தவன். அதே ஆண்டில் லியோன் நகரில் நிகழ்ந்த கொடிய படுகொலைகளுக்குப் பொறுப்பாளன். 1794இல் ரோபஸ்பியரின் வீழ்ச்சிக்குத் திரைமறைவில் உழைத்தவன். 1799இல் காவல்துறை அமைச்சன். பின்னர் நெப்போலியனின் கீழ் ஒட்ரான்டோ கோமகன். 1815இல், தான் கொல்லச் சொன்ன மன்னனின் தம்பியையே அரியணையில் ஏற்றத் துணைநின்று, அவனுக்கும் அமைச்சனானான். இறுதியில் மன்னனைக் கொன்றவன் என்னும் பழைய பழியே அவனை நாடு கடத்தியது. 1820இல் திரியெஸ்ட் நகரில் இறந்தான்.

இத்தகையவனை வெறுத்து எழுதுதல் எளிது. ஸ்வெய்க் வெறுக்கவில்லை, மன்னிக்கவுமில்லை. எக்கட்சியிலும் உள்ளம் தோயாதவன், எல்லாக் கட்சிகளையும் கடந்து எவ்வாறு உயிர்வாழ்கிறான் என்பதை அணு அணுவாக விளக்கினார். மேடையில் முழங்குவோர் அல்லர், நிழலில் நிற்போரே பல வேளைகளில் மக்களின் விதியை முடிவு செய்கின்றனர் என்னும் எச்சரிக்கை அந்நூலில் உள்ளது. நான்கே ஆண்டுகளில் ஜெர்மனியில் நிகழ்ந்தவற்றைக் கண்டோர்க்கு அவ்வெச்சரிக்கையின் பொருள் விளங்கியிருக்கும்.

அரசியும் அழிக்கப்பட்ட வரிகளும்

1932இல் வெளிவந்த ‘மேரி அந்துவானெத்’ அவருக்கு மிகப் பெரும் புகழைத் தந்தது. 1755இல் வியன்னாவில் பேரரசி மரியா தெரசாவின் மகளாகப் பிறந்து, பதினான்கு வயதில் பிரான்ஸுக்கு மணமகளாக அனுப்பப்பட்டு, 1793 அக்டோபர் 16 அன்று தலை வெட்டப்பட்ட அரசியின் கதை அது. புரட்சியின் துண்டு வெளியீடுகள் அவரை ஒழுக்கம் கெட்டவர் என்று தூற்றின. முடியாட்சி மீண்டபின் எழுந்த நூல்கள் அவரைத் தியாகப் புனிதையாக்கின. ஸ்வெய்க் தம் நூலுக்கு இட்ட துணைத் தலைப்பில் அவரை நடுத்தர இயல்புடைய ஒருவர் என்று குறித்தார். பேரறிவோ பெருங்கொடுமையோ இல்லாத சாதாரணப் பெண் ஒருத்தியைத் துன்பம் எவ்வாறு உயர்த்தியது என்பதே அவர் கண்ட உண்மை.

சான்றுகளைத் தேர்வதில் அவர் இங்குக் கடைப்பிடித்த கண்டிப்புப் போற்றத்தக்கது. 19ஆம் நூற்றாண்டில் ஃபையே தெ கோன்ஷ் என்பவர் அரசியின் கடிதங்கள் என வெளியிட்டவற்றுள் போலிகள் மலிந்திருந்தன. அழகான வாசகங்கள் கொண்ட அக்கடிதங்களை ஸ்வெய்க் முற்றாக விலக்கினார். அரசியைப் பற்றி மிகையாகப் புனைந்த நினைவுக் குறிப்புகளையும் ஒதுக்கினார். அதே வேளையில், வியன்னா ஆவணக் காப்பகத்தில் இருந்த தூதரக மடல்களில், முந்தைய பதிப்பாசிரியர்கள் நாணத்தால் விட்டுவிட்ட பகுதிகளை எடுத்துக்கொண்டார். திருமணமாகி ஏழாண்டுகள் வரை அரச தம்பதியரின் மணவாழ்க்கை நிறைவுறாமல் இருந்ததை மறைக்காமல் எழுதினார். அரசியின் ஆடம்பர வேட்கைக்கும் அமைதியின்மைக்கும் அதுவே ஊற்று என்பது அவர் கருத்து. ஃபிராய்டின் உளவியல் அவருக்குத் துணைநின்ற இடம் இது.

சுவீடன் நாட்டு உயர்குடியினரான ஃபெர்சனுக்கும் அரசிக்கும் இருந்த உறவே நூலின் மிகவும் சர்ச்சைக்குரிய பகுதி. அவர்களுக்கிடையே நடந்த கடிதப் போக்குவரத்தில் பல வரிகள் மையால் அழிக்கப்பட்டிருந்தன. குடும்பத்தினர் வெளியிட்ட பதிப்பில் அவ்விடங்கள் புள்ளிகளாக நின்றன. மறைக்கப்பட்ட இடத்தில்தான் காதல் இருந்தது என்று ஸ்வெய்க் துணிந்தார். அன்று அது ஊகம் என்றே பலர் கூறினர். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2021இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஊடுகதிர் ஆய்வின் துணையால் பதினைந்து கடிதங்களுள் எட்டில் மறைந்திருந்த சொற்களைப் படித்தறிந்தனர். அவை அன்பு கனிந்த காதற்சொற்களே. ஆயினும் அவற்றை அழித்தவர் பிற்காலத்து உறவினர் அல்லர், ஃபெர்சனே என்பதும் மையின் ஆய்வால் புலப்பட்டது. உள்ளத்தை அறிந்ததில் ஸ்வெய்க் வென்றார். கடிதங்களை அழித்த கை எது என்பது அவருக்குப் பின் வந்த அறிவியலுக்கே தெரிந்தது.

வெள்ளிப் பேழை வழக்கு

1935இல் வெளியான ‘மேரி ஸ்டூவர்ட்’ இதைவிடக் கடினமான வழக்கு. லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், ஸ்காட்லாந்து அரசி மேரி கொல்லப்பட்ட நிகழ்ச்சியைக் கூறும் கையெழுத்து அறிக்கை ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டபோதுதான் அவ்வரசியைப் பற்றிய ஆவல் ஸ்வெய்க்குக்கு எழுந்தது. நூல்களைத் தேடிப் படித்தார். கத்தோலிக்கர் எழுதியவை அவரைத் தூயவர் என்றன. எதிர்த்தரப்பினர் எழுதியவை கொலைகாரி என்றன. எங்கும் தெளிவு கிடைக்காததனாலேயே தாம் எழுத முனைந்தார்.

1567 பிப்ரவரி 10 அன்று மேரியின் கணவர் டார்ன்லி எடின்பரோவில் கொல்லப்பட்டார். அக்கொலைக்குக் காரணம் எனக் கருதப்பட்ட பாத்வெல்லை மூன்றே மாதங்களில் மேரி மணந்தார். பின்னர் ஒரு வெள்ளிப் பேழையில் கண்டெடுக்கப்பட்டதாகச் சில கடிதங்களும் பிரெஞ்சுக் காதற்கவிதைகளும் அவருக்கு எதிராகக் காட்டப்பட்டன. மூல ஏடுகள் 1584க்குப் பின் மறைந்துபோயின. படிகளும் மொழிபெயர்ப்புகளுமே எஞ்சின. அவை மெய்யா போலியா என்பதில் அறிஞர்கள் இன்றளவும் உடன்படவில்லை.

ஸ்வெய்க் அவற்றை மெய் என்று ஏற்றார். அவர் காட்டிய காரணம் ஆவணம் சார்ந்தது மட்டுமன்று. கவிஞரின் காரணமும் அதில் உண்டு. இத்துணைக் கலக்கமும் அவமானமும் தன்னிரக்கமும் கலந்த வரிகளைப் பகைவர் எவரும் அவசரத்தில் புனைந்திருக்க இயலாது என்று அவர் கருதினார். அக்கவிதைகளின் செம்மையின்மையே அவருக்கு மெய்ம்மையின் அடையாளமாகப் பட்டது. கவிஞர் ஒருவருக்கு இவ்வாதம் இனிக்கும். ஆயின், மேரி அந்துவானெத்தின் போலிக் கடிதங்களைத் தள்ளிய அதே கை, இங்கு மூலமே இல்லாத ஏடுகளை நம்பி ஒரு பெண்ணின் மீது பெரும்பழியைச் சுமத்துகிறது என்பதை மறுத்தற்கில்லை. உள்ளத்தைப் புரிந்துகொண்டோம் என்னும் நம்பிக்கை, சான்று இல்லாத இடத்தில் சான்றாகிவிடும் இடர் இங்கு உள்ளது. 1578 முதல் 1584 வரை சிறையிலிருந்து மேரி சங்கேத எழுத்தில் எழுதிய ஐம்பதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் பிரெஞ்சு தேசிய நூலகத்திலிருந்து கண்டறியப்பட்டுப் படிக்கப்பட்டதாக 2023இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பேழை வழக்கை அவை தீர்க்கவில்லை. எனினும் இறந்தவரைப் பற்றி இறுதிச் சொல் எளிதில் சொல்லப்படுவதில்லை என்பதை அவை நினைவூட்டுகின்றன.

தம்மையே எழுதிய இரு நூல்கள்

1933 மே 10 அன்று ஜெர்மனியில் எரிக்கப்பட்ட நூல்களுள் ஸ்வெய்க்கின் நூல்களும் இருந்தன. 1934 பிப்ரவரியில் ஆஸ்திரியாவில் உள்நாட்டுக் கலவரம் மூண்டபோது, ஆயுதம் தேடுவதாகக் கூறிக் காவலர்கள் அவருடைய சால்ஸ்பர்க் இல்லத்தைச் சோதனையிட்டனர். போருக்கு எதிராக எழுதியவரின் வீட்டில் ஆயுதம் தேடப்பட்டது! சில நாட்களில் அவர் லண்டனுக்குப் புறப்பட்டார். இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸுக்காக அவர் எழுதிய இசைநாடகம் 1935 சூனில் டிரெஸ்டன் நகரில் அரங்கேறியது; சில காட்சிகளுக்குள் தடைசெய்யப்பட்டது.

இக்காலத்தில் எழுதிய இரு நூல்களில் அவர் தம்மையே எழுதினார் எனல் தகும். 1934இல் வந்த எராஸ்மஸ் வரலாறு, மதப்பூசலில் எப்பக்கமும் சேர மறுத்து, இருபுறத்தாராலும் கோழை என்று இகழப்பட்ட அறிஞரின் கதை. எராஸ்மஸின் பெருமையை மட்டுமன்றி, முடிவெடுக்க வேண்டிய வேளையில் விலகி நின்ற அவருடைய தளர்ச்சியையும் ஸ்வெய்க் மறைக்கவில்லை. தம் குறையைத் தாமே அறிந்து எழுதிய பக்கங்கள் அவை.

1936இல் வந்தது ‘கால்வினை எதிர்த்த கஸ்டெல்லியோ’. 1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவில் செர்வீட்டஸ் என்னும் அறிஞர் சமயக் கொள்கைக்காக உயிரோடு எரிக்கப்பட்டார். அதைக் கண்டித்து எழுந்த தனிக்குரல் கஸ்டெல்லியோ என்னும் ஏழை அறிஞருடையது. கொள்கையைக் காக்க மனிதனைக் கொல்வது கொலையே ஆகும் என்று அவர் வாதாடினார். இந்நூலில் ஸ்வெய்க்கின் துலாக்கோல் சாய்ந்தது. கால்வினை அவர் தீட்டிய முறை ஒருதலையானது என்று ஜெனீவாவில் எதிர்ப்பு எழுந்தது. அக்குற்றச்சாட்டில் உண்மையில்லாமல் இல்லை. கால்வினின் முகத்தில் ஹிட்லரின் சாயல் படிந்திருப்பதை எவரும் காணலாம். தீர்ப்பெழுத மறுத்தவர் தீர்ப்பெழுதியே ஆகவேண்டிய காலம் வந்தபோது, நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய போர்வையைப் போர்த்திக்கொண்டு எழுதினார்.

மௌனத்தின் மீதான வழக்கு

போர்வை எதற்கு, நேரே பேசினால் என்ன என்று கேட்டவர் பலர். 1933இல் கிளாஸ் மன் ஆம்ஸ்டர்டாமில் நடத்திய புலம்பெயர்ந்தோர் இதழிலிருந்து ஸ்வெய்க் விலகிக்கொண்டார். 1936இல் புவெனஸ் அயர்ஸில் நடந்த எழுத்தாளர் மாநாட்டிலும் ஜெர்மனியை வெளிப்படையாகச் சாடுவதைத் தவிர்த்தார். 1941இல் பிரேசில் நாட்டைப் புகழ்ந்து எழுதிய நூல், அங்கிருந்த சர்வாதிகார ஆட்சியைக் கண்டுகொள்ளவில்லை என்று பழிக்கப்பட்டது. அவர் மறைந்தபின் 1943இல் ஹன்னா அரென்ட், அரசியலுக்குப் புறம்பாக வாழ்ந்துவிட முடியும் என்று நம்பிய அவருடைய உலகம் சலுகை பெற்ற சிலரின் உலகமே என்று கடுமையாக விமர்சித்தார்.

எதிர்த்தரப்பில் சொல்லத்தக்கவையும் உண்டு. வெறுப்பை வெறுப்பால் எதிர்த்தால் வெறுப்பின் மொழியே வெல்லும் என்று அவர் அஞ்சினார். பாதுகாப்பான ஊரிலிருந்து உரத்து முழங்குதல், ஜெர்மனிக்குள் சிக்கியிருந்தோர்க்கு உதவாது என்றும் எண்ணினார். குடியால் சிதைந்துகொண்டிருந்த எழுத்தாளர் ஜோசப் ரோத்துக்கும் வேறு பல அகதிகளுக்கும் ஓசையின்றிப் பொருளுதவி செய்துவந்தார். 1938இல் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டபின், யூதர் பொது இருக்கைகளில் அமரலாகாது என்னும் ஆணை வந்தது. எண்பத்து நான்கு வயதான அவர் தாயார், நடை தளர்ந்தபோது வியன்னாப் பூங்காவில் சற்று அமரவும் உரிமையற்றவரானார். அதே ஆண்டில் தாயார் இறந்தார். மகன் அருகில் இருக்க இயலவில்லை. இத்துயரை ஸ்வெய்க் மேடையில் முழக்கமாக்கவில்லை. தன்வரலாற்றில் சில வரிகளில் பதிந்துவைத்தார். எது போதுமான எதிர்ப்பு என்பதைப் படிப்பவர்தாம் முடிவு செய்யவேண்டும்.

நூலகம் இல்லாத வரலாற்றாசிரியர்

முதல் மணவாழ்க்கை 1938இல் முறிந்தது. தம் செயலாளராக இருந்த லோட்டே ஆல்ட்மனை 1939இல் இங்கிலாந்தின் பாத் நகரில் மணந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் ஃபிராய்ட் மறைந்தபோது லண்டனில் அஞ்சலி உரை ஆற்றினார். 1940இல் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. எனினும் அவ்வாண்டே தம்பதியர் அமெரிக்கா சென்று, பின்னர் பிரேசிலில் பெட்ரோபோலிஸ் என்னும் மலையூரில் குடியேறினர்.

அங்கு அவரிடம் ஏடுகள் இல்லை, குறிப்புகள் இல்லை. பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பால்சாக் வரலாற்றின் கைப்படி இங்கிலாந்தில் கிடந்தது. அது அவர் மறைவுக்குப்பின் நண்பர் ரிச்சர்ட் ஃப்ரீடென்டாலால் பதிப்பிக்கப்பட்டு 1946இல் வெளிவந்தது. ‘நேற்றைய உலகம்’ என்னும் தன்வரலாற்றை நினைவை மட்டுமே துணைகொண்டு எழுதினார். அதில் தம் இல்வாழ்வைப் பற்றிய செய்தி மிகக் குறைவு. பிறர் அந்தரங்கத்தை அத்துணை நுணுகி ஆராய்ந்தவர், தம் அந்தரங்கத்தின் கதவைச் சாத்திவைத்தார்!

இக்காலத்தில் எழுதிய ‘அமெரிகோ’ என்னும் சிறுநூல் அவர் மறைந்தபின் வெளிவந்தது. புதிய கண்டத்துக்குத் தம் பெயரைத் திருட்டுத்தனமாகச் சூட்டிக்கொண்டவர் என நெடுங்காலம் பழிக்கப்பட்டவர் வெஸ்புச்சி. 1507இல் வெளியான நிலப்படத்தில் அவர் பெயர் இடம்பெற்றதற்கு அவர் பொறுப்பல்லர், அது தவறுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து விளைந்த விபத்து என்று ஸ்வெய்க் நிறுவினார். தம் உலகம் சிதைந்துகொண்டிருந்தபோதும், என்றோ இறந்த ஒருவரின் பழியைத் துடைக்க அவர் நேரம் ஒதுக்கினார்.

வாடகை வீட்டின் நிலவறையில் தூசி படிந்து கிடந்த மொந்தேனின் நூல் அவர் கைக்குக் கிட்டியது. வெறிகொண்ட காலத்தில் தன் உள்ளத்தின் விடுதலையைக் காத்துக்கொண்ட அப்பிரெஞ்சு அறிஞரைப் பற்றி எழுதத் தொடங்கினார். அது முற்றுப்பெறவில்லை. 1942 பிப்ரவரி 22 அன்று, தம் அறுபதாம் வயதில், ஸ்வெய்க்கும் முப்பத்து மூன்று வயதான லோட்டேயும் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டனர். பிரியாவிடைக் குறிப்பில் பிரேசிலுக்கு நன்றி கூறியிருந்தார். தம் மொழியின் உலகம் தமக்கு அழிந்துபோனதையும், மீண்டும் தொடங்கும் வலிமை தமக்கு எஞ்சவில்லை என்பதையும் தெரிவித்திருந்தார். பெட்ரோபோலிஸிலேயே இருவரும் அடக்கம் செய்யப்பட்டனர். அவர்கள் வாழ்ந்த வீடு 2012 முதல் நினைவில்லமாகத் திகழ்கிறது.

நிறைவாக

பழிக்கப்பட்டோரின் வழக்கறிஞர் என்று ஸ்வெய்க்கைப் போற்றுவோரும், பேச வேண்டிய வேளையில் பேசாதவர் என்று அவரைச் சாடுவோரும் இன்றும் உளர். ஃபூஷேயையும் மேரியையும் போன்றே அவரும் வழக்குத் தீராத மனிதராகிவிட்டார். அவரை அளக்க அவர் தந்த அளவுகோலே போதுமானது. மேரி அந்துவானெத்தை எழுதியபோது அவர் கொண்டிருந்த ஆவணக் கண்டிப்பு அதற்கு வேண்டும். எராஸ்மஸை எழுதியபோது காட்டிய பரிவும் நேர்மையும் வேண்டும். மேரி ஸ்டூவர்ட்டிடம் அவர் தவறிய இடத்தையும் மறவாதிருத்தல் வேண்டும்.

ஒருவரைப் புரிந்துகொள்வது அவரை விடுதலை செய்வது ஆகாது. புரிந்துகொள்ளாமல் வழங்கும் தீர்ப்பு நீதியும் ஆகாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பாதையில் நாற்பதாண்டுகள் நடந்த எழுதுகோல் அவருடையது. அது இடறிய இடங்களும் அப்பாதையின் அருமையையே உணர்த்துகின்றன.